பெயர்ப் பட்டியலில் இருந்த பெண்கள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம் எங்கள் கல்லூரியில் மகளிர் நாள் கருத்தரங்கு நடந்தது. மறுநாள் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வருகைப் பதிவுத் தாள்களோடு துறைக்கு வந்தாள். 212 கையெழுத்துகள். இடமும் நேரமும் பதிந்த நான்கு புகைப்படங்கள். இருவரும் அறிக்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நிகழ்ச்சியின் பெயர், நாள், பயனடைந்தோர் எண்ணிக்கை, விளைவு. விளைவு என்ற கட்டத்துக்கு, வழக்கமாக எழுதும் வரியைச் சொன்னேன்: "மாணவியரிடையே பாலினச் சமத்துவம் குறித்த விழிப்புணர்வு ஏற்பட்டது." அவள் எழுதவில்லை.

"அம்மா, பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுட்டு சாப்பாட்டு டோக்கன வாங்கிட்டுப் போயிட்டாங்க. கடைசி வரிசையில ஒரு பொண்ணு மட்டும் அழுதுகிட்டே கேட்டுச்சு. இது ரெண்டையும் இந்தக் கட்டத்துல எங்க எழுதுறது?"

என்னிடம் பதில் இல்லை. வழக்கமான வரியையே எழுதி அனுப்பினோம்.

அந்த நாட்களில் நான் ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் நடந்த வளர்ச்சி உதவித் திட்டங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். என் மாணவி கேட்ட அதே கேள்வியை அங்கே தணிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கான கோடி டாலரை முன்வைத்துக் கேட்டிருந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் படிவத்தில் பொய் இருந்தால் யாருடைய உயிரும் போகாது. அங்கே படிவத்தில் இருந்த உண்மையே பெண்களின் உயிருக்கு ஆபத்தாகும் ஒரு நாள் வந்தது. ஓர் உதவித் திட்டம் வென்றது, தோற்றது என்று சொல்கிறோமே, யாருடைய கணக்கில் நின்றுகொண்டு சொல்கிறோம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உலக வங்கி ஆண்டுதோறும் பலவீனமான, மோதலால் பாதிக்கப்பட்ட நாடுகள் என ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஆப்கானிஸ்தான் பல ஆண்டுகளாக அதில் இருக்கிறது. அந்த வங்கியின் திட்டங்கள் முடிந்ததும் அதன் மதிப்பீட்டுப் பிரிவு அவற்றுக்கு ஆறு படிகள் கொண்ட ஓர் அளவுகோலில் தரம் கொடுக்கும். மேல்படி மிகவும் திருப்திகரம், கீழ்ப்படி மிகவும் திருப்தியற்றது. திட்டம் தொடங்கும்போது எழுதி வைத்த நோக்கங்கள் நிறைவேறினவா என்பதே அங்கு முதன்மையான கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கத்தை எழுதியதும் வங்கியும் அரசும்தான், நிறைவேறியதா என்று பார்ப்பதும் அவர்கள்தான். யார் பெயரால் திட்டம் நடந்ததோ அந்தப் பெண் எழுதும்போதும் இல்லை, அளக்கும்போதும் பெரும்பாலும் இல்லை. "திருப்திகரம்" என்று எழுதுகிறார்களே, திருப்தி யாருக்கு?

அமெரிக்க வளர்ச்சி நிறுவனம் ஆப்கானியப் பெண்களுக்காக நடத்திய 'ப்ரொமோட்' என்ற திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பரில் காபூலில் தொடங்கப்பட்டது. 75,000 இளம்பெண்களை அரசு வேலை, வணிகம், குடிமைச் சமூகம், தலைமைப் பொறுப்பு ஆகியவற்றுக்குத் தயார்செய்வது இலக்கு. 21.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அன்றைய அதிபரின் மனைவி ரூலா கனி, ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் கொடுப்பதும், பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் அச்சடிப்பதுமாக இது முடிந்துவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். 2018இல் அமெரிக்க அரசின் ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்கான சிறப்புத் தணிக்கை அலுவலகம் திட்டத்தைப் பரிசோதித்தது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவாகியிருந்தது. பெண்களின் வாழ்க்கையில் என்ன மாறியது என்பதைத் திட்டத்தால் காட்ட முடியவில்லை. எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற எண் இருந்தது. வந்ததால் என்ன ஆயிற்று என்பது இல்லை. எங்கள் படிவத்தின் கட்டம்தான் அங்கேயும் நிரம்பாமல் கிடந்தது.

பள்ளிக்கூடக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2001இல் தாலிபான் ஆட்சி விழுந்தபோது அரசுப் பள்ளிகளில் பெண் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை. 2018க்குள் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் 25 லட்சம் பெண் குழந்தைகள் சேர்ந்திருந்ததாக யுனெஸ்கோ சொல்கிறது. பெண்களின் எழுத்தறிவு 17 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 30 விழுக்காடானது. இதெல்லாம் பெரிய காரியம். ஆனால் ஆப்கானியக் கல்வித் துறையின் வழக்கப்படி, பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளையையும் மூன்று ஆண்டுகள்வரை சேர்க்கைக் கணக்கில் வைத்திருக்கலாம். பதினோரு வயதில் படிப்பை நிறுத்தி, பன்னிரண்டில் நிச்சயம் செய்து, பதின்மூன்றில் கட்டிக்கொடுத்த பெண்ணும் அந்த மூன்று ஆண்டும் ஏட்டில் மாணவியாகவே இருந்திருப்பாள். ஆசிரியரே இல்லாத பள்ளிகளும், கட்டடமே இல்லாத பள்ளிகளும் ஏட்டில் இருந்தன. அவற்றின் சம்பளம் யாரோ ஒரு தளபதியின் மடிக்குப் போனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்ணுவதே பெண்களுக்கு எதிரான காரியம் என்று வாதாட நான் வரவில்லை. எண்ணாமல் விட்டால் இழப்பு நமக்குத்தான். வீட்டு வேலை எந்தக் கணக்கிலும் வராததால் அது வேலையே இல்லையென்று ஆகிப்போன கதை நமக்குத் தெரியும். அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நேர்ந்த அநீதியே, யாரும் அவளை ஒழுங்காக எண்ணவில்லை என்பதுதான். யாருக்குப் பதில் சொல்வதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். அந்தத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போயின. வரி கட்டியவர்களுக்குக் கணக்குக் காட்டுவது சரிதான். ஆனால் ஒரு மலைக்கிராமத்துப் பெண், "எனக்காக என்று சொல்லி வந்த பணம் எங்கே?" என்று கேட்டுப் பதில் வாங்க ஒரு வாசல் எங்கே இருந்தது?

தமிழில் அரசுத் திட்டங்களுக்கென்று ஒரு சொல் புழங்குகிறது: பயனாளி. முதலை ஆள்பவர் முதலாளி, தொழிலை ஆள்பவர் தொழிலாளி. அந்த வரிசையில் பயனை ஆள்பவர் பயனாளி என்றாக வேண்டும். நடைமுறையில் பயனாளி எதையும் ஆள்வதில்லை. வரிசையில் நிற்கிறார், கைரேகை வைக்கிறார், படம் எடுக்கச் சிரிக்கிறார். சொல் கொடுக்கும் உரிமையைப் படிவம் பறித்துக்கொள்கிறது.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, இரந்து நிற்பதன் அச்சத்துக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஈகையில், கேட்டு வந்தவரின் முகம் மலர்வதைக் காணும்வரை கொடுப்பவருக்கு நிம்மதி இல்லை என்ற கருத்து வருகிறது. பெறுபவரின் முகமே அங்கே அளவுகோல். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் வரும். அந்த முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் கொடுப்பவரின் கண்தானே? சிரித்தால்தான் அடுத்த தவணை வரும் என்று தெரிந்த முகம் எப்படிச் சிரிக்காமல் இருக்கும்?

சரி, எல்லாமே வீண்தானா? அப்படிச் சொல்ல விடாமல் என்னைத் தடுப்பது ஆப்கானிய மருத்துவச்சிகளின் கதை.

2002இல் அந்நாட்டின் நான்கு மாவட்டங்களில் தாய்மார் இறப்பைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. படக்ஷான் மாகாணத்தில் ராக் என்றொரு மலை மாவட்டம். அங்கே உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 6,507 தாய்மார் இறந்திருந்தார்கள். உலகில் எங்கும் அவ்வளவு உயர்ந்த எண் அதுவரை பதிவானதில்லை. ஆண் மருத்துவரிடம் பெண்ணைக் காட்ட மாட்டார்கள். பெண் மருத்துவர் மலையேற மாட்டார். முதல் தாலிபான் ஆட்சியில் பெண் கல்வி தடைப்பட்டிருந்ததால் புதிய மருத்துவச்சிகளும் உருவாகவில்லை. பனிக்காலத்தில் குருதிப்போக்கு தொடங்கினால் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் நடக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு நிதியில் சமூக மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. அதன் வழிமுறை எளிமையானது. ஓரளவு பள்ளிப் படிப்புள்ள ஒரு பெண்ணை ஊரே தேர்ந்தெடுக்கும். படிப்பு முடிந்து ஊருக்கே திரும்பி வேலை செய்வாள், ஊர் அவளைக் காக்கும் என்று இரு பக்கமும் வாக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு, பிறகு இரண்டு ஆண்டாக நீண்ட பயிற்சி. கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு விடுதியில் இடம் இருந்தது. படித்துத் திரும்பியவள் தன் மொழியில், தனக்குத் தெரிந்த வீடுகளில் பிரசவம் பார்த்தாள். 2003இல் நூறு பிரசவங்களில் சுமார் 14 மட்டுமே பயிற்சி பெற்றவர் உதவியோடு நடந்தன. 2015இல் அது ஏறத்தாழ பாதி. நாடு அதே நாடுதான். போர், ஊழல், தளபதிகள் எல்லாம் அப்படியே இருந்தார்கள்.

"அந்த நாட்டில் எதுவும் நடக்காது" என்று கைகழுவுகிறவர்களுக்கு இது ஒரு பதில். உலக வங்கியின் திட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்களும் இதையொட்டிய ஒன்றைக் கண்டார்கள். திட்டங்களின் வெற்றி தோல்வியில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு நாட்டுக்கு நாடு வருவதில்லை, ஒரே நாட்டின் திட்டங்களுக்கிடையே வருகிறது. டான் ஹோனிக் என்ற ஆய்வாளர் ஒன்பது உதவி நிறுவனங்களின் 14,000க்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொகுத்துப் பார்த்து 2018இல் ஒரு நூல் எழுதினார். நிலைமை கணிக்க முடியாத இடங்களில், தலைமையகம் எண்ணைக் காட்டி இறுக்கிப் பிடிக்காமல் களத்தில் இருப்பவர்களின் முடிவுக்கு விட்ட திட்டங்கள் மேலாக நடந்தன என்பது அவர் வாதம். ஊர் தேர்ந்தெடுத்த மருத்துவச்சியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அது புரிந்தது.

ஆனால் இந்த வெற்றியையும் எண்ணில் பிடிக்கப் பார்த்தபோது என்ன ஆனது? 2010இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு, தாய்மார் இறப்பு ஒரு லட்சத்துக்கு 327ஆகக் குறைந்துவிட்டது என்றது. 2002இல் நாடு முழுமைக்கும் மதிப்பிட்ட 1,600இலிருந்து இவ்வளவு பெரிய இறக்கம்! உதவி நிறுவனங்கள் அதைத் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டன. 2015இல் நடந்த இன்னொரு கணக்கெடுப்பு 1,291 என்றது. ஐந்தே ஆண்டில் நான்கு மடங்கு ஏறியிருக்க முடியாது. இரண்டு எண்களையும் துறையறிந்தவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். இறப்புப் பதிவே இல்லாத நாட்டில், செத்துப்போன அக்காவைப் பற்றித் தங்கையிடம் கேட்டுத்தான் கணக்கு எடுக்கிறார்கள். அவள் சொல்ல முடியாததையும், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்லாமல் விட்டதையும் எந்த எண் சுமக்கும்?

பெண்ணியவாதியாக நான் மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. இந்த உதவி சும்மா வரவில்லை, ஒரு போரோடு வந்தது. 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசி, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்தான் என்றார். ஆப்கானியப் பெண்ணின் முகத்திரை ஒரு படையெடுப்பின் நியாயமானது. 1977இலிருந்து இயங்கிவந்த ஆப்கானியப் பெண்களின் புரட்சிகரச் சங்கம் தாலிபானையும் எதிர்த்தது, குண்டுவீச்சையும் எதிர்த்தது. அந்தக் குரல் யாருடைய திட்ட நோக்கத்திலும் ஏறவில்லை. குண்டு போட்ட நாடே பள்ளிக்கும் பணம் கொடுத்தது. மறுகட்டமைப்புக்கென அமெரிக்கா ஒதுக்கிய தொகை மட்டும் 14,500 கோடி டாலர். அதை விரைவாகச் செலவழித்துக் காட்டுவதே பல சமயம் வேலை நடப்பதன் அடையாளமாகிவிட்டது என்று தணிக்கையாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு 2021 ஆகஸ்ட் 15 வந்தது. காபூல் விழுந்தது.

அந்த வாரத்தில் நடந்த ஒரு காரியத்தை என்னால் மறக்க முடியவில்லை. காபூலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நிறுவிய ஷபானா பசிஜ்-ராசிக் தன் மாணவிகளின் பதிவேடுகளையெல்லாம் தீயிலிட்டு, அதைப் படம்பிடித்து வெளியிட்டார். மாணவிகளை அழிக்க அல்ல, அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் காக்கவே எரிப்பதாகச் சொன்னார். முதல் தாலிபான் ஆட்சியில் மறைவாக நடந்த பள்ளியில் படித்தவர் அவர். அப்போது பெண்களின் பள்ளிப் பதிவுகளைத் தாலிபான்கள் எரித்திருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து அதே காரியத்தை, நேரெதிர் காரணத்துக்காக, ஓர் ஆசிரியை செய்ய வேண்டியிருந்தது. வேறு பல பெண்களும் சான்றிதழ்களை எரித்தார்கள், புதைத்தார்கள், கிழித்தார்கள்.

உதவித் திட்டத்தின் நிரூபணம் அந்தக் காகிதம்தான். பெயர், தந்தை பெயர், ஊர், கையெழுத்து, படம். தணிக்கையாளருக்கு அது சான்று, ஆயுதத்தோடு கதவைத் தட்டுபவனுக்கு முகவரி. 250க்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் அந்த நாட்டில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றிய இரண்டு பெண் நீதிபதிகளைக் காபூல் தெருவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆகஸ்டில் சிறைகள் திறக்கப்பட்டதும், தாங்கள் தண்டனை கொடுத்த ஆண்களே தங்களைத் தேடி வருவதை அறிந்து நீதிபதிகள் வீடு வீடாக ஒளிந்தார்கள். பெண் நீதிபதிகளின் எண்ணிக்கை பல அறிக்கைகளில் வெற்றியின் அடையாளமாக இருந்த எண்.

இங்கேதான் என் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். திட்டம் தோற்றால் கொடுத்தவருக்கு என்ன நடக்கிறது? ஆறு படிகளில் ஒரு படி இறங்குகிறது. அடுத்த நிதியாண்டில் வேறு நாடு, வேறு தலைப்பு. பெற்றவளுக்கு என்ன நடக்கிறது? முகம் காட்டியவள், பெயர் கொடுத்தவள், அப்பனோடு சண்டை போட்டுப் பயிற்சிக்கு வந்தவள் அங்கேயே இருக்கிறாள். மோதல் நடக்கும் நாட்டில் ஒரு பெண்ணைத் திட்டத்துக்குள் அழைப்பது அவளுக்கு ஒன்றைக் கொடுப்பது மட்டுமே ஆகாது. அவளிடமிருந்தும் ஒன்றை வாங்குகிறோம். தன் பாதுகாப்பைப் பணயமாக வைக்கச் சொல்கிறோம். அப்படி வாங்கிய பிறகு, நாங்கள் உதவி செய்தவர்கள், நீ பயனடைந்தவள் என்ற கணக்கு செல்லாது. கடன்பட்டவர்கள் நாம். திட்டக் காலம் முடிந்தாலும் கடன் முடிவதில்லை.

அப்படியானால் ஒரு திட்டம் எப்படி நடந்தது என்று அளக்க முதலில் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி இருந்ததா? அவள் பெயர் யார் கையில், எவ்வளவு காலம் இருக்கும் என்று அவளிடம் சொன்னார்களா? கொடுப்பவர்கள் கிளம்பும் நாளில் அவளுக்கு என்ன ஆகும் என்பது முதல் நாளே எழுதப்பட்டதா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் இருந்தால், திட்டம் தன் இலக்கில் பாதியைத்தான் எட்டியது என்றாலும் எனக்குக் குறையில்லை. பதில் இல்லையென்றால் 75,000 கையெழுத்து இருந்தும் என்ன?

இந்த வாதத்தை ஒருவர் இப்படித் திருப்பலாம்: ஆபத்து என்றால் அழைக்காமலே இருந்துவிடலாமே? இல்லை. ராக் மாவட்டத்துப் பெண்ணுக்கு, யாரும் எதற்கும் அழைக்காத வாழ்க்கையும் பாதுகாப்பாக இல்லை. பிரசவத்திலேயே செத்தாள். கடன் பெரிது என்பதற்காகக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. 2021 ஆகஸ்டில் உலக வங்கி நிதியை நிறுத்தியபோது, தாலிபானுக்குப் பணம் போகக் கூடாது என்றார்கள். அதே பணத்தில்தான் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் நடந்தன, மருத்துவச்சிகளின் சம்பளம் வந்தது. ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கமும் இடையில் புகுந்து ஓரளவு தாங்கின. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது மறுபடி நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் மூடப்பட்டன. கொடுத்தபோதும் அவளைக் கேட்கவில்லை, நிறுத்தியபோதும் கேட்கவில்லை.

2024 டிசம்பரில் தாலிபான்கள் பெண்களுக்கான மருத்துவப் பயிற்சி நிறுவனங்களையும் மூடினார்கள். மருத்துவச்சிப் படிப்பும் அதோடு போயிற்று. உயர்நிலைப் பள்ளி 2021இலும் பல்கலைக்கழகம் 2022இலும் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டன. 2005இல் இருபத்து மூன்று வயதில் படித்து முடித்த மருத்துவச்சிக்கு இன்று என் வயது இருக்கும். அவள் கற்றதைத் தீயில் போட முடியாது, உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி நாம் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. அவளுக்கும் கண் மங்கும், முட்டி வலிக்கும். அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அடுத்தவளை விட மாட்டேன் என்கிறார்கள். அவளிடம் நாம் பட்ட கடனின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த மார்ச்சில் மறுபடி கருத்தரங்கு வந்தது. படிவம் அதேதான், மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. என் மாணவி படித்து முடித்துப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை இந்த வருடத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். கையெழுத்துத் தாளைச் சுற்றுக்கு விடும் முன்பு, இது எதற்கு, எங்கே போகும், போட விருப்பமில்லாதவர்கள் போட வேண்டாம் என்று மேடையிலேயே அறிவித்தோம். 212க்குப் பதில் 131 கையெழுத்து வந்தது. எண் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள்.

கேட்டுப் போட்ட கையெழுத்துகள் என்றேன்.